இடது கால்

"நீ போவாத வேணி. யாராச்சும் எதனா சொல்லிடுவாங்க."

"சொன்னா சொல்லட்டுமே. எனக்கு இன்னா?"

"உனக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் தாங்காது."

முந்தின நாள் சாப்பிடும்போது புருஷன் முனிரத்தினம் சொன்னது. சோறு பிசைந்த அவன் கை அப்படியே நின்றுவிட்டது. கிருஷ்ணவேணி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றிப் பேச்சை முடித்துவிட்டாள்.

இப்போது அவள் எல்லம்மாள் வீட்டு வாசலில் நிற்கிறாள்.

தோளில் நர்ஸ் பொன்னியம்மாள் மாட்டிவிட்ட பை. பை நிறைய யானைக்கால் மாத்திரை. ஓரிக்கை ஊரில் இந்தத் தெருவுக்கு அவள்தான் பொறுப்பு.

நோய் வராமலிருக்க வருஷத்துக்கு ஒரு நாள் தெருவே விழுங்க வேண்டிய மாத்திரை அது. கொடுப்பவர் கண்ணெதிரில் விழுங்க வேண்டும் என்பது நர்ஸம்மாவின் கண்டிப்பு.

"நல்லா கீறவங்களுக்கு எதுக்குமா மாத்திரை?" என்றாள் எல்லம்மாள். "அப்படி மாடத்துல வச்சிட்டுப் போ. அப்பால முழுங்கிக்கிறோம். இல்லாட்டி எங்க மாமியாருக்குக் குடு, அது வாயாச்சும் ஒரு நாளு மூடட்டும்."

உள்ளே மாமியார் ஏதோ திட்டினாள். அக்கம்பக்கத்து வாசல்களில் சிரிப்பு.

கிருஷ்ணவேணி மாடத்தைப் பார்த்தாள். குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் போன வருஷத்து மாத்திரைகள் காகிதம் பிரிக்காமல் தூசி படிந்து கிடந்தன.

அவள் இப்படியே நகர்ந்தால் இந்த வருஷமும் தெரு முழுக்க மாத்திரை மாடத்தில்தான் இருக்கும்.

வாசற்படியில் எல்லம்மாளின் மகள் தலைவாரிக்கொண்டிருந்தாள். தை மாதம் கல்யாணம். கொலுசு போட்ட இரண்டு கால்களையும் வெயிலில் நீட்டியிருந்தாள்.

அந்தக் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள் கிருஷ்ணவேணி.

அவளுடைய இடது கால் எப்படியிருக்கும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கேட்டதில்லை. அவளும் காட்டியதில்லை. சேலையைத் தரை தொடக் கட்டுவாள். தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டால் அவளும் மற்ற நெசவுக்காரர்களைப் போலத்தான்.

பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டாள். குனிந்தாள். சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தாள்.

அக்கம்பக்கத்து வாசல்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

கணுக்கால் எது, பாதம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத கால். ஆனால் ஒரு புண் இல்லை, ஒரு கீறல் இல்லை. காலையும் மாலையும் முனிரத்தினம் தண்ணீர் ஊற்ற, சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் ஒற்றியெடுத்து அவள் காப்பாற்றி வரும் கால்.

"உம் பொண்ணு வயசுல எனக்கும் ஒண்ணுமில்லாமதான்க்கா இருந்துது. எந்தக் கொசு எப்போ கடிச்சுதுன்னு யாருக்குத் தெரியும்? அன்னிக்கு எங்கூட்டு வாசல்ல இந்த மாதிரி யாரும் வந்து நிக்கல."

இத்தனை பேர் முன்னால் இவ்வளவு பேசிவிட்டாள். அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

எல்லம்மாள் உள்ளே போனாள். ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். முதலில் தான் விழுங்கினாள். கேட்காமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அப்புறம் மகளின் கையிலிருந்த சீப்பைப் பிடுங்கிவிட்டு மாத்திரையை வைத்தாள்.

பிறகு தெருவைப் பார்த்து அவள் போட்ட சத்தம் ஆற்றங்கரை வரை கேட்டிருக்கும்.

"ஏ கங்கையம்மா, வெளிய வா! வேணி எவ்ளோ நேரம் வெயில்ல நிக்கும்? சோறு துன்னாதவங்க துன்னுட்டு ஓடியாங்க!"

தெருமுனையில் தன் ஆட்டோவில் முனிரத்தினம் இருந்தான். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அவள் சேலையைத் தூக்கியபோது தலையைக் குனிந்துகொண்டவன், எல்லம்மாள் வாயைத் திறந்து காட்டியபோது நிமிர்ந்தான்.

மேற்பார்வைக்கு வந்த சுகாதாரத் துறை ஜீப் பக்கத்தில் நின்றது. வாசல் வாசலாகச் சொம்போடு நிற்கும் ஜனங்களை அதிகாரி நம்பாமல் பார்த்தார்.

"யாருப்பா அந்தம்மா?"

"என் சம்சாரம், சார்."

அவ்வளவு உரக்கச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் சொன்னான்.

கடைசி வீடும் முடிந்து கிருஷ்ணவேணி வந்து ஆட்டோவில் ஏறினாள். சேலை ஈரமும் மண்ணுமாகக் கிடந்தது. அவள் அதை இழுத்துக் காலை மூடிக்கொள்ளவில்லை.

"வூட்டுக்குத்தானே?" என்றான், கண்ணாடியில் அவளைப் பார்க்காமல். பார்த்தால் அழுதுவிடுவான்.

அவள் குனிந்து தன் வெறுங்கால்களைப் பார்த்தாள்.

கல்யாணமான நாள் முதல் அவனிடம் சேலை கேட்டிருக்கிறாள், பூ கேட்டிருக்கிறாள், ஒருமுறை மூக்குத்திகூடக் கேட்டு வாங்கியிருக்கிறாள். ஒன்றை மட்டும் கேட்டதில்லை. எத்தனையோ தடவை நாக்கு நுனி வரை வந்து திரும்பியிருக்கிறது. கேட்டால், கடைத்தெருவில் யாரோ ஒருவர் முன்னால் காலை நீட்ட வேண்டியிருக்கும். அதனால் வெறுங்காலோடே கோயிலுக்குப் போனாள், தார் ரோட்டில் நடந்தாள், இன்று காலையிலிருந்து தெரு முழுக்கச் சுற்றினாள். யாராவது கேட்டால் அம்மனுக்கு வேண்டுதல் என்பாள். அவனிடமும் அதையேதான் சொல்லி வைத்திருந்தாள்.

முனிரத்தினம் வண்டியைக் கிளப்பினான்.

"மூங்கில் மண்டபத்தாண்ட வுடுய்யா," என்றாள். "அங்க செருப்பு தைக்கிறவரு ஒருத்தரு குந்தினு இருப்பாரே... இந்தக் காலுக்கு அளவெடுத்து எனக்கு ஒரு ஜோடி வாங்கிக் குடு."