தண்ணீர் வைத்தால் சம்மதம்

முதலாளி நாற்காலியில் மீசைக்காரர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மூலையில் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து, எதிரே இருந்த கண்ணாடிக் கம்பெனிக்காரருக்கு டீ வைத்தாள்.

"பாப்பா, ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை" என்றார் மீசைக்காரர்.

கூட்டி வைத்தாள். காலையில்கூட 'மேடம்' என்று கூப்பிட்டவர். அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மீசைக்காரர் அவளுடைய டிரைவர். வெளியே நிற்கும் நான்கு லாரிகளும் அவளுடையவை. அந்த நாற்காலியில் ஒரு பெண்ணைப் பார்த்ததும், "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போன வியாபாரிகளால்தான் அவை ஓடாமல் அங்கே நின்றன. இந்தக் கண்ணாடிக் கம்பெனி வேலையும் கைவிட்டுப் போனால், லாரிகளை விற்க வேண்டியதுதான்.

அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால் சம்மதம். இருமினால் முடியாது.

"பெரிய பெரிய கண்ணாடிங்க சார். படுக்க வச்சுதான் ஏத்துவீங்களா?" என்றார் வந்தவர்.

"படுக்க வச்சா இறக்குறப்ப தூள்தான் இருக்கும். நிக்க வச்சு, நடுவுல அட்டை கொடுத்துக் கட்டுவோம்."

டிரைவருக்குத் தெரிந்த விஷயம். பதில் கணீரென்று வந்தது.

"ஞாயித்துக்கிழமை ஓடுமா?"

மீசைக்காரரின் கண் மூலைக்குப் போனது. தண்ணீர் வந்தது. "ஓடும்" என்றார்.

"வழியில உடைஞ்சா?"

மேஜைக்கு அடியில் அவருடைய இடது கால், இல்லாத கிளட்சை மிதித்தது. இன்னொரு டம்ளர் தண்ணீர் வந்தது. "எங்க பொறுப்பு."

வந்தவர் எழுந்தார். "ஒரு நிமிஷம் சார். போனை கார்லயே விட்டுட்டேன்."

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காரின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடி ஏற்றியிருந்த பின்கதவருகே குனிந்து நின்றார் அவர். இரண்டு முறை தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எங்களுக்குன்னே ரெண்டு லாரி ஒதுக்கணும் சார். வெளிச் சரக்கு ஏத்தக் கூடாது."

"போன் கிடைச்சுதா?" என்று கேட்டாள் அவள்.

"இல்லம்மா, வீட்லயே வச்சிட்டேன் போல" என்று அவர் சொல்லி முடிக்கும் முன்பே, அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. அவசரமாக அணைத்தார்.

காருக்குள் யார்? 'நீ எத்தனை நாளைக்கு வண்டி ஓட்டறேன்னு பார்க்கறேன்' என்று போன வாரம் சொன்ன லாரி சங்கத் தலைவரா? வேவு பார்க்கவா இந்த ஆள் வந்திருக்கிறான்?

இருமினாள்.

"முடியாதுங்க" என்றார் மீசைக்காரர், மனமில்லாமல்.

"ஒரு லாரியாவது?"

மறுபடி இருமினாள்.

"அதுவும் முடியாது."

வந்தவர், ஒரு வாய்கூடக் குடிக்காத இரண்டு டம்ளர்களைப் பார்த்தார். மேஜைக்கடியில் துடிக்கும் காலைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"நாம ரெண்டு பேரும் பேசி ஒண்ணும் ஆகப்போறதில்ல சார்."

மீசைக்காரரின் முகம் தொங்கிவிட்டது. எல்லாம் தெரிந்துபோய்விட்டது என்று அவளுக்குப் புரிந்தது. நாளைக்கு ஊரே சிரிக்கும்.

வாசல் வரை போனவர், திரும்பி அவள் மேஜைக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வாங்கம்மா. எங்க முதலாளியம்மாவும் உங்கள மாதிரிதான், கார்ல ஒளிஞ்சு உக்காந்திருக்காங்க."