கத்தரிக்காய்க்குக் காதுகுத்து

பம்பு செட் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, பொன்னழகு கத்தரிக்காய்க்குள் ஊசியை ஏற்றினார். ஒன்று முடிந்தது, அடுத்ததைக் கையில் எடுத்தார். இருபது ஆண்டுகளாக நஞ்சில்லா உணவுக்காக மேடையேறிய மனிதர், அந்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

கதவிடுக்கில் யாரேனும் பார்த்திருந்தால், நஞ்சைத்தான் ஏற்றுகிறார் என்று சத்தியமே செய்திருப்பார்கள். ஆனால் அது மூட்டை தைக்கும் கோணி ஊசி. அவர் செய்துகொண்டிருந்தது வேறு குற்றம்: அப்பழுக்கில்லாத காய்க்கு ஓட்டை போடுவது.

குற்றத்தின் வேர் அவருடைய நாக்கில் இருந்தது. காரைக்குடியில் ஞாயிறுதோறும் கூடும் இயற்கைக் காய்கறிச் சந்தையில், ஈராண்டுக்கு முன் ஒலிபெருக்கியைப் பிடித்து அவர் முழங்கினார்: "புழு தீண்டாத காயை மனிதன் தீண்டலாமா? ஓட்டைதான் முத்திரை, ஓட்டைதான் சான்றிதழ், ஓட்டையைப் பார்த்து வாங்குங்கள் தாய்மார்களே." அதையே துண்டறிக்கையாக்கிக் கோவிலூர் வரை கொடுத்துவிட்டு வந்தார்.

சாதி ஒழியப் பேசினார், ஊர் கேட்கவில்லை. வரதட்சணை ஒழியப் பேசினார், சொந்த மைத்துனரே கேட்கவில்லை. கத்தரிக்காயைப் பற்றிப் பேசியதை மட்டும் ஊரே கேட்டுத் தொலைத்தது.

அப்போது, அரியக்குடிக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய இரண்டு ஏக்கரில் புழுவுக்குப் பஞ்சமில்லை. பேச்சு அவருடையது, பாடு அவர் மனைவி அனுசுயாவுடையது. இந்த ஆண்டு அனுசுயா வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளித்தார், வாடிய குருத்தையெல்லாம் நாள் தவறாமல் கிள்ளி எரித்தார், ஆண் பூச்சிகளை வாசனை காட்டிச் சிக்கவைக்கும் பொறிகளை வயலெங்கும் கட்டினார். முதன்முறையாகப் புழு தோற்றது. காய்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்தவை போல மின்னின.

அந்த மினுமினுப்பே வினையாயிற்று. சந்தைக்கு வந்தவர்கள் காயைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மருந்தடித்த காய் என்று முகத்துக்கு நேரே சொல்லிப் போனார்கள். ஒரு பெண்மணி பையிலிருந்து அவருடைய துண்டறிக்கையையே எடுத்து நீட்டி, படித்துப் பார்க்கச் சொன்னார். பொன்னழகும் படித்தார். எழுத்துப் பிழைகூட இல்லை.

எதிர்க் கடையிலோ ஓட்டையில்லாத காயே கிடையாது. ஒன்பது மணிக்குள் அங்கே கூடை காலியாகிவிடும். புதிதாய் வந்த அந்தக் கடைக்காரரைப் பொன்னழகு பொறாமையோடும் பக்தியோடும் பார்ப்பார். தம் கொள்கை குடியிருப்பது அந்தக் கூடையில்தான் என்று அவருக்கே தோன்றிவிட்டது.

சந்தைக் குழுவினர் முடிவாகச் சொல்லிவிட்டார்கள்: இந்த ஞாயிறும் புகார் வந்தால் கடைக்கு இடமில்லை. இடம் போனால், அனுசுயாவின் மூன்று மாதப் பாடும் மாட்டுத் தொட்டிக்குப் போகும்.

கதவு திறந்தது. அனுசுயா ஊசியைப் பார்த்தார், காயைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

"காதுகுத்தா? தாய்மாமன் வரலையே, யாரு மடியில உக்கார வச்சுக் குத்துறீக?"

பொன்னழகு சந்தை நிலவரத்தை விளக்கத் தொடங்கினார். மேடையில் இரண்டு மணி நேரம் தடையின்றி ஓடும் நாக்கு, இரண்டாவது வாக்கியத்திலேயே தடுக்கி விழுந்தது.

"புழு போட்ட ஓட்டைன்னா ஓரமெல்லாம் கருத்து, எச்சம் ஒட்டிக் கெடக்கும். இது ஊசின்னு சின்னப் பிள்ளகூடச் சொல்லிரும்" என்றார் அனுசுயா. "வெள்ளாமை நல்லா வந்ததுக்கு வெக்கப்படுற சம்சாரிய இங்கனதான் பாக்குறேன்."

ஊசியைப் பிடுங்கிக்கொண்டு அவர் காய் அடுக்கப் போய்விட்டார். மிச்சம் இருந்தது ஒரே வழி: உண்மையாகவே புழு தின்ற காய் ஒரு கூடை கிடைத்தால் மேலாகப் பரப்பிவிடலாம். சுயமரியாதை குறுக்கே வந்து நின்றது. அதை ஒதுக்கிவிட்டு, இரவல் புழு கேட்கப் பொன்னழகு வரப்பேறினார்.

பக்கத்து வயல் நாசருடையது. சுற்றுவட்டாரத்தில் கத்தரி போட்டிருந்த இன்னொருவர் அவர்தான். செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் முதுகில் டேங்கை மாட்டி மருந்தடிப்பவர். பொன்னழகின் கூட்டங்களில் பெயர் சொல்லப்படாத கொடியவர். அந்த வயலில் எறும்புகூட உயிரோடு இராது என்று எத்தனையோ ஊர்களில் முழங்கிய பொன்னழகு, அங்கே ஒரு பாத்தியாவது மருந்துக்குத் தப்பியிருக்காதா என்று இப்போது வேண்டிக்கொண்டே நடந்தார்.

வாய்க்காலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த நாசர், கேட்டதும் சிரிக்கவில்லை. மாறாக, புலம்பினார். புழு மருந்துக்குப் பழகிவிட்டதாம். அடிக்க அடிக்கத் தின்று கொழுக்கிறதாம். பத்துக் காயில் ஆறு ஓட்டையாம்.

பொன்னழகுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அதுல ஒரு கூடை குடு நாசரு. யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

நாசர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, உண்மையான வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார்.

"வாராவாரம் ஓட்டைக் காயைப் பூராவும் உங்க எதிர்க் கடைக்காரருதான் விடியுமுன்ன வந்து அள்ளிட்டுப் போயிருறாருண்ணே."