தக்காணப் பாறை

அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தபோது, பாகீரதி முதலில் எலி என்றுதான் நினைத்தாள்.

அடுத்த நொடி காலடியில் தரை நழுவியது.

"பூகம்பம்!" என்று கூடத்திலிருந்து கத்தினார் அவள் கணவர் சீனிவாசராகவன். பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கத்திக்கொண்டே ஓடினார். வாசல் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. பிறகு கிரில் கேட். பிறகு பூட்டு. அவள் தன் காதாலேயே கேட்டாள்.

பூட்டியதை இழுத்து வேறு பார்த்தார். வெளியே கிளம்பினால் அப்படித்தான் செய்வார், கல்யாணமான நாளிலிருந்து. சாவி ஒன்றே ஒன்று. அது அவர் பூணூலில் தொங்கியது.

பாகீரதி முட்டி வலியோடு போய்க் கதவைத் திறந்து, கிரில் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "ஏன்னா! நான் உள்ளே இருக்கேன்!"

படியிறங்கி ஓடுகிறவர்களின் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. கட்டடம் சரிந்தால் தன்னைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். அழுதாள்.

ஆட்டம் சில நொடிகளில் நின்றுவிட்டது.

பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். கீழே கார் நிற்கும் இடத்தில் மொத்த ஃப்ளாட்டும் கூடியிருந்தது. நடுவில் அவர், பனியனும் வேட்டியுமாக.

குடியரசு தினத்தன்று குஜராத்தில் பூமி குலுங்கியது. அன்றிலிருந்து இந்த மகானுபாவர் வாய் ஓயவில்லை. லிஃப்டுக்கு நின்றவர்களை எல்லாம் பிடித்து வைத்துக்கொண்டார். லிஸ்பனில் சர்ச்சுக்குப் போனவர்கள் தலையில் கூரை விழுந்ததையும், தப்பித்துக் கரைக்கு ஓடியவர்களைக் கடல் வந்து வாரிக்கொண்டு போனதையும், அஸ்ஸாமையும் பீகாரையும் வருஷத்தோடு ஒப்பித்தார். கடைசியில், பெங்களூருக்கு ஒன்றும் ஆகாது, கீழே தக்காணப் பாறை, இங்கே ஒரு ஸ்பூன்கூட ஆடாது என்று முடிப்பார். பயந்தவர்களைப் பார்த்து ஓர் இளக்காரச் சிரிப்பு வேறு.

எதிர் ஃப்ளாட் சந்திரம்மாதான் முதலில் கேட்டாள். "அம்மா எல்லி சார்? மேலேயே இருக்காங்களா?"

அவர் முகம் வெளுத்தது மேலிருந்தே தெரிந்தது. கை பனியனுக்குள் போய்ச் சாவியைத் தொட்டது. இப்போதாவது அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார் என்று பாகீரதி நினைத்தாள். பைத்தியக்காரி!

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேலேதான் இருக்கா. நான்தான் உள்ளேயே இருன்னு சொல்லிட்டு வந்தேன். பயமிருந்தா பொண்டாட்டியை விட்டுட்டு வருவேனா? நீங்கள்ளாம் அலறிண்டு ஓடறேளே, சமாதானம் சொல்லலாம்னு இறங்கி வந்தேன்."

கூட்டம் தலையாட்டியது. அண்ணாந்து பால்கனியைப் பார்த்த ஒருவர் அவளுக்குக் கும்பிடு போட்டார்.

அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. பயமும் போய்விட்டது. சீ என்றிருந்தது. இந்த மனுஷனுக்கா இத்தனை வருஷம் வடித்துக் கொட்டினோம்!

உள்ளே வந்தாள். வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

சற்று நேரத்தில் படியில் அவர் குரல் கேட்டது. பூகம்பக் கதையில் பீகாருக்கு வந்திருந்தார். பின்னாலேயே சந்திரம்மாவும் இன்னும் நாலைந்து பேரும், பயப்படாத அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று ஏறி வந்தார்கள்.

பூட்டைத் திறக்கும் சத்தம். கிரில் விலகும் சத்தம். கதவு அசையவில்லை.

அவர் தட்டினார். மறுபடியும் தட்டினார். "பாகீ, கதவைத் திற. நான்தான். எல்லாம் சரியாயிடுத்து."

பாகீரதி கதவருகே வந்து நின்று, வெளியே இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னாள்.

"அவர் ஆத்துல இல்லையே. பூமி ஆடித்து, என்னை உள்ளே வச்சுப் பூட்டிண்டு ஓடிப் போயிட்டார்."