நூற்றிப் பதினெட்டு

"சாப்பாட்டு ஐஸ்பெட்டியில இதையாடா வைப்பே? சீ, கருமம்!"

பவுனம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சபாபதிக்குச் சுருக்கென்றது. ஆறு மாதத்துக்கு முன்னால் அவனுக்குக் கிட்னி கொடுத்த அக்கா அவள்தான். அதற்காக வாய்க்கு வந்ததெல்லாம் பேசலாமா?

"டாக்டர்தான் சொன்னாரு, அக்கா. ஒரு நாள் பூராவும் போற மூத்திரத்தை ஒரு சொட்டு விடாம இந்தப் பாட்டில்ல பிடிக்கணும். கெட்டுப்போகாம ஐஸ்ல வைக்கணும். இதையும் ரத்தத்தையும் பார்த்துத்தான் கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு நம்பர் போடுவாங்க. ஐம்பதைத் தாண்டுனா திங்கக்கிழமை ரயில்வே வேலைக்குப் போலாம் லா!"

"தாண்டலைன்னா?"

"கிட்னி சரியில்லைன்னு அர்த்தம். மறுபடி ஆஸ்பத்திரி கட்டில்தான்."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. "அம்பது வயசுக்காரி கிட்னி எத்தனை நாள் ஓடும்னு ரயில்வே குவாட்டர்ஸ்ல அன்னைக்கே கேட்டாளுங்க," என்று முனகிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

அதற்கப்புறம் போகும்போதும் வரும்போதும் ஐஸ்பெட்டியைத் திறந்து பார்த்தாள். "இன்னும் பாதிகூட ஆகலையே!" என்று சத்தம் வேறு. மனுஷனை நிம்மதியாகப் பாத்ரூம் போகவும் விடமாட்டாள் போலிருக்கிறதே என்று சபாபதி பல்லைக் கடித்துக்கொண்டான்.

பாட்டிலையும் ரத்தத்தையும் கொடுத்த மறுநாள், வியாழக்கிழமை, இருவரும் மினி பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஜெயராஜ் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"நூற்றிப் பதினெட்டு!"

"அடேயப்பா!" சபாபதி நாற்காலியை விட்டே குதித்துவிட்டான். "அப்ப பாஸா டாக்டர்?"

"முதல்ல உட்காருங்க. ரெண்டு கிட்னியும் நல்லா இருக்கற வாலிபனுக்கு வர்ற நம்பர் இது. உங்களுக்கு ஓடறது ஒண்ணுதான். பாட்டில்ல வேற யாரோடதோ கலந்திருக்கு. இதை நம்பி உங்களை வேலைக்கு அனுப்பியிருந்தா, உள்ளே கிட்னி கெட்டாலும் நமக்குத் தெரியாது!"

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். சபாபதி திரும்பினான். அக்கா மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி, என்னைச் சாகடிக்கப் பார்த்தியா?"



அன்றைக்கே அவனை வார்டில் சேர்த்து, நர்ஸ் மிஸ்ஸியைக் காவல் வைத்துப் புதிதாகப் பிடித்தார்கள். சனிக்கிழமை காலை டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஐம்பத்தெட்டு! ஒரு கிட்னிக்கு இது பிரமாதம். திங்கக்கிழமை வேலைக்குப் போங்க!"

சபாபதிக்குத் தலைகால் புரியவில்லை. மிஸ்ஸிக்கும் பக்கத்துக் கட்டில்காரருக்கும் கை கொடுத்தான். வாசலில் நின்ற அக்காவை மட்டும் பார்க்கவில்லை.

டாக்டர்தான் கேட்டார். "எதுக்கும்மா அப்படிச் செஞ்சீங்க?"

பவுனம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் என்ன ஊரான் வீட்டுதையா ஊத்தினேன், டாக்டர்? ரெண்டும் என் வயித்துல ஒண்ணா இருந்ததுங்கதானே. அங்கே போனது தனியாத் தடுமாறுதோன்னு, இங்கே இருக்கறதை உதவிக்கு அனுப்பினேன்!"