அட்டைப் படம்

லோகாம்பாள் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

என்னைக் கண்டபடி ஏசுவாள் என்று எதிர்பார்த்து, பிள்ளையார்பாளையத்தில் இறங்கியதிலிருந்தே பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அவளோ பாயை விரித்தாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் மகள் செங்கமலத்தைச் சென்னையில் ஒரு காப்பகத்துக்குக் கொண்டுபோய்ப் பத்து மாதம் ஆகிறது. கொண்டுபோக வைத்தவள் நான்.

நடக்க முடியாத பிள்ளைகளை வீடுகளில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று எழுபத்திரண்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கையில் நோட்டும் பேனாவும் இருந்ததால் இந்தத் தெருவுக்கு நான் டீச்சரம்மா.

இந்த வீட்டில் இரண்டு தறிக்குழிகள். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் பள்ளம் அது. ஒன்றில் லோகாம்பாள் உட்கார்ந்து நெய்வாள். செத்துப்போன புருஷனின் குழியில் பழம்புடவைகளைச் சுற்றிலும் திணித்து, ஆறு வயது செங்கமலத்தை நிறுத்தி வைத்திருந்தாள்.

போலியோ வந்து இரண்டு காலும் துவண்ட பிள்ளை. தரையில் விட்டால் சுருண்டு விழும். குழிக்குள் இறக்கினால், சுற்றிலும் இருக்கும் துணி தாங்கிப் பிடிக்க, நிற்கும். விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு அம்மாவிடம் ஓயாமல் வாயடிக்கும்.

இதையெல்லாம் லோகாம்பாள் எனக்கு அன்றைக்கே விளக்கிச் சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன்.

ஆனால் நான் எழுதியது ஒரே வரி: குழந்தை குழிக்குள் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

அதைப் படித்தவர்கள் பதறிப்போனார்கள். இரண்டே வாரத்தில் ஜீப் வந்தது. வைத்தியத்துக்குத்தான் என்று நம்பி லோகாம்பாள் கைநாட்டு வைத்தாள்.

போன வாரம் காப்பகத்துக்குப் போனேன். செங்கமலம் கட்டிலில் கிடந்தாள். அவளைத் தூக்கி நிறுத்த அங்கே யாருக்கும் நேரமில்லை. முழங்கால்கள் மடங்கி இறுகத் தொடங்கியிருந்தன.

நான் எழுதியது தப்பு என்று ஒரு கடிதம் கொடுத்தால் உடனே அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பாவி? ஆராய்ச்சிக்குக் கிடைத்த பாராட்டும் அதைக் காட்டி வாங்கிய வேலையும் இருக்கிறதே!

லோகாம்பாள் பழைய குழியைக் காட்டினாள். இன்னும் நாலு விரற்கடை ஆழமாகத் தோண்டியிருந்தாள். பிள்ளை வளர்ந்திருப்பாளாம்.

“அங்க அவள நிக்க வெக்கிறாங்களாமா?” என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன், ஆமாம் என்று. எனக்குத்தான் தலையாட்ட நன்றாக வருமே.

“அன்னிக்கு போட்டோ புடிச்சீங்களே டீச்சரம்மா, அதுல ஒண்ணு குடுங்கம்மா. எங்கிட்ட அவ மூஞ்சியப் பாக்க ஒண்ணுமே இல்ல.”

பிலிம் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். போனால் போகிறது என்று எனக்கே சமாதானம் வேறு சொன்னாள்.

பிலிம் ஒன்றும் கெடவில்லை. அச்சான அறிக்கை என் பைக்குள்தான் இருந்தது. அட்டையில் செங்கமலம், குழிக்குள் தன்னந்தனியாக, இரண்டு கையையும் நீட்டிக் கதறிக்கொண்டு நிற்கிறாள். பார்த்தவர்களை எல்லாம் உலுக்கிய படம்.

வெளிச்சத்தை மறைக்கிறீர்கள், கொஞ்ச நேரம் தெருவில் போய் நில்லுங்கள் என்று லோகாம்பாளை வெளியே அனுப்பிவிட்டு எடுத்தது அது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எடுத்த படம் ஒன்றும் உண்டு. அதில் பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது. அதை இதுவரை நான் யாருக்கும் காட்டவில்லை.