குழாய் வில்

மிஞ்சிப்போன பிளாஸ்டிக் குழாயைச் சூடுகாட்டி வளைத்து, நைலான் கயிறு கட்டி, பிளம்பர் தன் கையாலேயே செய்த வில் அது. இப்போது பதினைந்தடி தூரத்தில் அவரைப் பார்த்தே திரும்பியிருந்தது. பிடித்திருந்தவள் ஒன்பது வயதுச் சிறுமி.

பிளம்பர் இலக்குத் தகரத்தை ஒட்டி நின்றார்.

"அம்பு முனையில ரப்பர் இருந்தா மட்டும்? கண்ணுல பட்டா என்னங்க ஆகும்? தள்ளி நில்லுங்க!" மைதானத்து ஓரத்திலிருந்து மனைவி கத்தினாள்.

"நான் தள்ளிப் போனா இந்தப் பிள்ளைங்க அம்பே விடாதுங்கடி. பயமா இருந்தா நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

"பயம் எனக்கா? உங்க முட்டிதான் தந்தி அடிக்குது!"

பொய்யில்லை. 'கடவுளே, கடவுளே' என்று வாய்விட்டுச் சொல்லியபடி, விரலால் தகரத்தைத் தட்டிக்கொண்டே நின்றார்.

"மாமா, விடட்டுமா?"

"விடும்மா."

கண்ணை இறுக மூடிக்கொண்டார். காதோரம் காற்று கிழிந்தது. தகரம் டணாரென்று அதிர்ந்தது.

"பட்டுடுச்சு மாமா!"

சிறுமி வில்லைக் கீழே வைத்தாள். வெள்ளைக் கோலால் தரையைத் தட்டித் தட்டி நடந்து வந்தாள். காற்றில் துழாவி அவர் முகத்தைக் கண்டுபிடித்தாள்.

"ஏன் மாமா இவ்வளவு வேர்வை? பயந்துட்டீங்களா?"

"சேச்சே!"

"நான் பயந்துட்டேன். நீங்களே நம்பி நிக்கிறீங்களேன்னுதான் சத்தம் வந்த பக்கமா விட்டேன்."

வரிசையில் இன்னும் ஏழு வெள்ளைக் கோல்கள் காத்திருந்தன.

மனைவி நடந்து வந்தாள். தகரத்தின் மறுபக்கம் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தானும் தட்ட ஆரம்பித்தாள்.