இரண்டாவது சங்கு

புயல் ஓய்ந்ததும் எங்கள் கரியாக்கு தீவில் வீட்டுக்கு வீடு சங்கு ஊதுவார்கள். வீட்டில் எத்தனை உயிரோ, அத்தனை முறை. சிநேகிதர்கள் பிழைத்தார்களா என்று குன்றின் மேலிருந்தே எண்ணிக்கொள்வோம்.

இன்று காலை காஸ்னெல் வீட்டிலிருந்து இரண்டு கேட்டது. அவன் தனி ஆள். நான்கு வருடத்துக்கு முந்தைய புயலில், தன் மனைவியை, என் சிநேகிதி வெர்லினை, வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் படகைக் கட்டப் போனவன். கடல் உள்ளே புகுந்து அவள் செத்தாள். படகு பிழைத்தது.

கோபத்தில் செருப்புக்கூடப் போடாமல் இறங்கினேன். காஸ்னெல் வாசற்படியில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தான்.

"செத்தவளையும் சேத்து ஊதறியா? வெக்கமா இல்ல உனக்கு?"

"நான் ஒண்ணுதான் ஊதினேன், ஈனிட். சங்கை மேசையில வெச்சுட்டு, படகைப் பாக்க வெளியே வந்தேன். உள்ளேருந்து இன்னொண்ணு கேட்டுச்சு. கதவும் சாத்திக்கிச்சு."

"இன்னமும் உனக்குப் படகுதான் முதல்ல."

கதவைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"நீ சொன்னா கேப்பா," என்றான். "என்னை உள்ளே விடச் சொல்லு."

கதவோடு வாயை ஒட்டிவைத்துச் சொன்னேன்.

"வெர்லின், திறக்காதேடி."